பழைய இரும்பு டூல்ஸ்ல இருக்கிற துருவையும் பெயிண்டையும் கரண்ட் வச்சு எடுக்கிறது எப்படி? முதல் தடவை செய்றவங்களுக்கு

புதுப்பேட்டை, உக்கடம், பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட் மாதிரி இடங்கள்ல பழைய ஸ்பேனர், பெஞ்ச் வைஸ், இரும்பு இழைப்புளி, அரம் எல்லாம் கிடைக்கும், ஆனா பாதிக்கு மேல துரு ஏறி, அதுக்கு மேல யாரோ நாலு கோட்டு எனாமல் பெயிண்ட் அடிச்சு, என்ன கம்பெனி என்ன சைஸ்னே தெரியாம இருக்கும். இதை எப்படி சுத்தம் பண்றதுன்னு கேட்டா உடனே ரெண்டு வழி சொல்லுவாங்க, ஒண்ணு கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி தேய்க்கிறது, இன்னொண்ணு பாத்ரூம் ஆசிட்ல ஊறப்போடறது. ரெண்டுலயும் துரு போகும், ஆனா கூடவே நல்ல இரும்பும் கொஞ்சம் போகும். கிரைண்டர் பிரஷ் எழுத்தோட ஓரத்தை மழுக்கிடும், பழைய பெயிண்டை தூசியா பறக்க விடும். ஆசிட் துருவை தின்னுட்டு நிக்காது, இரும்பையும் தின்னும், அதோட ஆவி பட்டு ரூம்ல இருக்கிற மத்த டூல்ஸும் துருப்பிடிக்கும்.

கரண்ட் வச்சு எடுக்கிற முறையில, அதாவது எலக்ட்ரோலிசிஸ்ல, நல்ல இரும்பு அப்படியே நிக்கும், துருவும் பெயிண்டும் மட்டும் கழண்டு வரும். பழைய டூல்ஸுக்கு இதை விட பத்திரமான வழி கிடையாதுன்னு நான் உறுதியா நம்புறேன், ஏன்னா பழைய டூல்ல பாதி விஷயமே அது மேல அடிச்சிருக்கிற எழுத்துலதான் இருக்கு. ஒரு பழைய இங்கிலாந்து ஸ்பேனரை எடுத்துக்கங்க, அதுல 3/8 டபிள்யூ, 7/16 பிஎஸ்னு போட்டிருக்கும். அந்த நம்பர் ஸ்பேனரோட வாய் அகலம் இல்ல, அது பிடிக்கிற போல்ட்டோட தடிமன், விட்வொர்த்ங்கிற பழைய இங்கிலாந்து மரை அளவுமுறையில. இது படிக்க முடியலன்னா அந்த ஸ்பேனர் எதுக்கு சேரும்னே தெரியாது. அதே மாதிரி ஸ்டான்லிங்கிற அமெரிக்கக் கம்பெனியோட பெய்லி இழைப்புளில பிளேடு உக்கார்ற பகுதிக்கு பின்னாடி படுகையில மூணு பேட்டன்ட் தேதி வரிசையா இருந்தா, 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19னு, அது சுமாரா 1910ல இருந்து 1918க்குள்ள செஞ்சதுன்னு சொல்லிடலாம். கிரைண்டர் ஒரு ஓட்டு ஓட்டினா இதெல்லாம் போச்சு.

மியூசியம்லயும் இதே தத்துவத்துலதான் வேலை செய்றாங்க. அமெரிக்காவுல 1862ல கடல்ல மூழ்கின மானிட்டர்ங்கிற போர்க்கப்பலோட பீரங்கிக் கூண்டை 2002ல வெளிய எடுத்து, நியூபோர்ட் நியூஸ்ல இருக்கிற மரைனர்ஸ் மியூசியத்துல காரத்தண்ணித் தொட்டியில வச்சு கரண்ட் குடுத்துதான் பாதுகாக்கிறாங்க. நம்ம செய்யப்போறது அதோட பக்கெட் சைஸ் வேலை.

உள்ள என்ன நடக்குது

இதை கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா பின்னாடி வர்ற எல்லா விதியும் தானா புரிஞ்சிடும், அதனால தாண்டிப் போயிடாதீங்க. சோடா கலந்த தண்ணியில துருப்பிடிச்ச டூலை மைனஸ்லயும், ஒரு வேண்டாத இரும்புத் துண்டை ப்ளஸ்லயும் மாட்டி டிசி கரண்ட் விடறோம். மைனஸ்ல இருக்கிற டூலுக்கு எலக்ட்ரான் வந்துக்கிட்டே இருக்கும், அதனால செந்துரு மாறி கருப்பா, லேசா ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒரு பொடியாகும், கொஞ்சம் இரும்பாவே திரும்பும். அதே நேரம் டூல் மேல ஹைட்ரஜன் குமிழ் பொடிப்பொடியா கிளம்பும், அது துருவுக்கும் பெயிண்டுக்கும் அடியில இருந்து மேல தள்ளும். டூல் பக்கத்துல காரமும் கூடும், அந்தக் காரம்தான் பெயிண்டோட பிடிப்பை அறுக்குது. ப்ளஸ்ல இருக்கிற இரும்பு நேர் எதிர், அது துருப்பிடிச்சு கரைஞ்சுக்கிட்டே போகும். அதனால ப்ளஸ், மைனஸ் மாத்தி மாட்டினா உங்க டூல்தான் கரையும், இதை மறக்கவே கூடாது.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், துரு ஏற்கனவே தின்ன இரும்பு திரும்ப வராது. குழி விழுந்த இடத்துல குழி அப்படியேதான் இருக்கும், உள்ள இருக்கிற துரு மட்டும் போகும்.

என்னென்ன வேணும்

பிளாஸ்டிக் பக்கெட், காலி பெயிண்ட் வாளி 20 லிட்டர் இருந்தா ரொம்ப வசதி. இரும்பு வாளி வேண்டாம், கிளிப் பட்டா ஷார்ட் ஆகும்.

வாஷிங் சோடா, அதாவது சலவை சோடா, சோடியம் கார்பனேட். சோப்பு, பினாயில் கெமிக்கல் விக்கிற கடையில கிடைக்கும், விலை கம்மிதான். ஆப்ப சோடா வேற, அதுலயும் வேலை நடக்கும் ஆனா மெதுவா நடக்கும். அதே கடையில ப்ளீச்சிங் பவுடரும் வெள்ளையாத்தான் இருக்கும், பாக்கெட் மேல பேரைப் படிச்சு வாங்குங்க. சமையல் உப்பு போட்டா கரண்ட் நல்லா ஓடும்னு சில பேர் சொல்லுவாங்க, போடவே போடாதீங்க, உப்புல குளோரின் இருக்கு, அது ப்ளஸ் பக்கத்துல விஷ வாயுவா வரும், டூலும் வெளிய எடுத்ததும் திரும்ப வேகமா துருப்பிடிக்கும். காஸ்டிக் சோடாவும் முதல் தடவை செய்றவங்களுக்கு வேண்டாம், கையை அரிச்சிடும்.

ப்ளஸ்ல மாட்ட வேண்டாத இரும்பு. வெல்டிங் பட்டறையில வெட்டிப்போட்ட எம்எஸ் பிளேட், அதாவது சாதா இரும்புத் தகடு, துண்டு இருந்தா முதல் தரம், இல்லன்னா கான்கிரீட்டுக்குப் போடற முறுக்குக் கம்பி நாலு துண்டு. ஜிஐ பைப், தகரம் இதெல்லாம் துத்தநாகம் பூசினது, வேண்டாம். செம்பு, பித்தளையும் ப்ளஸ்ல வேண்டாம், அது கரைஞ்சு போய் உங்க டூல் மேல படியும்.

எவர்சில்வர் கரண்டி, தட்டு, டம்ளர் எதையும் ப்ளஸ்ல மாட்டாதீங்க. இதை தனியா சொல்றேன், ஏன்னா நெட்ல பாத்தா எவர்சில்வர் கரையாது, ரொம்ப நாள் வரும்னு நல்ல யோசனை மாதிரி சொல்லிட்டுப் போறாங்க. எவர்சில்வர்ல குரோமியம் இருக்கு, ப்ளஸ்ல கரண்ட் போகப்போக அது ஹெக்ஸாவலன்ட் குரோமியமா தண்ணியில கலக்கும், தண்ணி மஞ்சளாகும், அது கேன்சர் வர வைக்கிற பொருள். ராணிப்பேட்டையில நிலத்தடி தண்ணி மஞ்சளா வந்ததே, அதுக்குக் காரணமும் இதே குரோமியம்தான். ஒரு ஸ்பேனர் துருவுக்காக அதை வீட்டு வாசல்ல உண்டாக்கணுமா?

கரண்ட் சப்ளை. 12 வோல்ட் டிசி, 5 ஆம்பியர்ல இருந்து 10 ஆம்பியர் வரைக்கும் இருந்தா போதும். எல்இடி ஸ்ட்ரிப் லைட்டுக்கும் சிசிடிவி கேமராவுக்கும் மாட்டற எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டை 12 வோல்ட் டிசியா மாத்தற சப்ளை டப்பா, நல்லா வேலை செய்யும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் டைப் பேட்டரி சார்ஜர், ஆம்பியர் மீட்டர் முள்ளோட இருக்குமே, அது கிடைச்சா இன்னும் சுகம், எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு கண்ணால பாக்கலாம். புது ஆட்டோமேட்டிக் சார்ஜருங்க நிறைய இதுக்கு ஆகாது, எதிர்ல பேட்டரி இருக்கான்னு தேடிப் பாத்துட்டு இல்லன்னா ஆஃப் ஆயிடும். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ல பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் இணைச்சா ஆன் ஆகும், மஞ்சள் 12 வோல்ட் ப்ளஸ், கருப்பு மைனஸ். வண்டி பேட்டரியையோ இன்வெர்ட்டர் பேட்டரியையோ நேரா மாட்டறது வேண்டாம், ஷார்ட் ஆனா அதுல இருந்து நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும், வயர் பத்தி எரியும்.

இது போக முதலை கிளிப் நாலஞ்சு, 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், கட்டுக்கம்பி, பக்கெட் மேல குறுக்க வைக்க ஒரு மரக்கட்டை இல்லன்னா பிவிசி பைப், ரப்பர் கிளவுஸ், கண்ணுக்குப் போடற பாதுகாப்புக் கண்ணாடி, மல்டிமீட்டர், ஸ்காட்ச் பிரைட், பித்தளைக் கம்பி பிரஷ். அப்புறம் ஒரு பழைய கார் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 55 வாட். அது எதுக்குன்னு கீழ சொல்றேன்.

எங்க வச்சு செய்யணும்

மொட்டை மாடி, வாசல், திறந்த ஷெட். ரூமுக்குள்ள வேண்டாம், சமையல்கட்டு பக்கமே வேண்டாம். வர்றது ஹைட்ரஜன், காத்துல நாலு சதவீதம் சேர்ந்தாலே நெருப்பு பட்டா வெடிக்கும். கணக்கு சொல்லணும்னா 5 ஆம்பியர்ல 10 மணி நேரம் ஓடினா சுமாரா 20 லிட்டர் ஹைட்ரஜன் வரும், திறந்த இடத்துல அது மேல கலைஞ்சு போயிடும், கதவு ஜன்னல் சாத்தின ஸ்டோர் ரூம்ல கூரைக்கு அடியில தேங்கும். பக்கத்துல பீடி, ஊதுவத்தி, விளக்கு, வெல்டிங் எதுவும் கூடாது. பக்கெட்டை மூடி போட்டு இறுக்கி மூடவும் கூடாது. மழை வருமேன்னு பயமா இருந்தா மேல உயரமா ஒரு ஷீட் கட்டுங்க.

தண்ணிக்குள்ள இருக்கிற 12 வோல்ட் பெருசா ஒண்ணும் பண்ணாது, பயப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ்க்கு உள்ள போற 230 வோல்ட்தான். எல்இடி எஸ்எம்பிஎஸ்ல அந்த ஸ்க்ரூ எல்லாம் திறந்தே இருக்கும், அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள காத்து போற மாதிரி ஓட்டை போட்டு வச்சு, எர்த் வயர் கட்டாயம் குடுத்து, பக்கெட்டுக்குப் பக்கத்துல கீழ வைக்காம தள்ளி உயரமா ஒரு ஸ்டூல் மேல வைங்க. வீட்டுல சின்னப் பசங்க, நாய், பூனை இருந்தா ராத்திரி ஓட விடாதீங்க.

ஸ்டெப் 1: டூலை தயார் பண்றது

கிரீஸும் எண்ணெயும் இருந்தா கரண்ட் போகாது, முதல்ல மண்ணெண்ணெய் போட்டு துடைச்சு, அப்புறம் சோப்புப் பவுடர் போட்டு கழுவி, அது காஞ்ச பிறகுதான் அடுத்த வேலை. கழட்ட முடிஞ்ச எல்லாத்தையும் கழட்டுங்க. இழைப்புளின்னா மரக் கைப்பிடி, பித்தளை நட்டு எல்லாம் தனியா. பித்தளை கூட வந்தா பெருசா கெடாது, ஆனா அலுமினியமும் துத்தநாக வார்ப்பும் காரத்தண்ணியில அரிச்சுப் போயிடும், அதை எந்தக் காரணத்துக்காகவும் உள்ள விடாதீங்க. காந்தம் வச்சுப் பாருங்க, காந்தம் ஒட்டலன்னா பக்கெட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு வச்சுக்கங்க. பெஞ்ச் வைஸ்ல நடு ஸ்க்ரூ துருல பிடிச்சு கழட்ட வராம இருந்தா பலம் போட்டு உடைக்காதீங்க, வார்ப்பிரும்பு விண்டுடும், அப்படியே பக்கெட்டுல கரண்ட் குடுத்து ஒரு ராத்திரி விட்டு எடுத்தா நிறைய நேரம் தானா இளகிடும்.

ஸ்டெப் 2: தண்ணி

ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாஷிங் சோடா, அவ்வளவுதான். 15 லிட்டர் தண்ணின்னா 15 டீஸ்பூன். நிறைய போட்டா சீக்கிரம் துரு போகும்னு இல்ல, கரண்ட் தேவையில்லாம ஏறி சப்ளைதான் சூடாகும். நல்லா கலக்கி கரைஞ்ச பிறகு ஊத்துங்க. உப்புத்தண்ணி போர் இருக்கிற ஊர்ல, முக்கியமா கடலோரத்துல, அந்தத் தண்ணியை விட்டுட்டு கார்ப்பரேஷன் தண்ணியோ மழைத்தண்ணியோ எடுத்துக்கங்க, காரணம் மேல சொன்ன அதே உப்புதான்.

ஸ்டெப் 3: ப்ளஸ் பக்கம் கட்டறது

ரெண்டு பக்கமும், முடிஞ்சா நாலு பக்கமும், பக்கெட்டோட உள் சுவரை ஒட்டி இரும்புத் துண்டுகளை நிறுத்தி, மேல் நுனி தண்ணிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி வைங்க. எல்லாத்தையும் ஒரே வயர்ல ஒண்ணோட ஒண்ணு சேர்த்து கட்டணும். கிளிப் தண்ணிக்கு வெளியதான் இருக்கணும், ப்ளஸ் கிளிப் தண்ணியில நனைஞ்சா அதுவே கரைஞ்சு அறுந்துடும்.

ஏன் நாலு பக்கமும்னா, கரண்ட் டார்ச் லைட் மாதிரி நேருக்கு நேர்தான் நல்லா வேலை செய்யும், ப்ளஸ் இரும்பைப் பாத்த முகம் சுத்தமாகும், நிழல்ல இருக்கிற முகம் அப்படியே துருவோட நிக்கும். ஒரே ஒரு கம்பி மட்டும் வச்சா டூலை அடிக்கடி திருப்பி வைக்கணும்.

ஸ்டெப் 4: டூலை தொங்க விடறது, இதுலதான் எல்லாம் இருக்கு

கரண்ட் ஓடலன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு பிரச்சனை இந்த இடத்துலதான். துரு கரண்டை கடத்தாது, பெயிண்ட் சுத்தமா கடத்தாது. அதனால டூல்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு இடத்துல, அடிப்பக்கமோ ஓட்டைக்கு உள்பக்கமோ, அரத்தாலயோ உப்புத்தாளாலயோ தேய்ச்சு பளபளன்னு இரும்பு தெரியணும். அந்த இடத்துல கட்டுக்கம்பியை இறுக்கி முறுக்கிக் கட்டுங்க, ஓட்டை இருந்தா போல்ட்டு போட்டு முடுக்கினா இன்னும் நல்லது. இன்னொரு ஓரத்துலயும் ஒரு பொட்டு இடம் தேய்ச்சு வச்சுக்கிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ஒரு முனையை கட்டுக்கம்பியிலயும் இன்னொரு முனையை அந்தப் பொட்டுலயும் தொட்டுப் பாருங்க, ஒரு ஓமுக்கு கீழ காட்டணும். அதிகமா காட்டினா திரும்ப தேய்ங்க, திரும்ப கட்டுங்க, இதுல சலிச்சுக்காதீங்க.

ரெண்டு மூணு பாகம் சேர்ந்த டூல்னா ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியா கம்பி குடுங்க, நடுவுல துரு இருந்தா ஒரு பாகத்துல இருந்து இன்னொண்ணுக்கு கரண்ட் தாண்டாது. கட்டின டூலை குறுக்குக் கட்டையில இருந்து தொங்க விடுங்க, தண்ணிக்குள்ள முழுசா முங்கியிருக்கணும், அடியில படக் கூடாது, ப்ளஸ் இரும்புல எந்தப் பக்கமும் தொடக் கூடாது, நடுவுல ஒரு நாலு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். அடியில தொடாம இருக்கணும்னு சொல்றதுக்குக் காரணம், ஓட ஓட கீழ சகதி படியும், அதுல டூல் புதைஞ்சா அந்தப் பக்கம் சுத்தமாகாது.

ஸ்டெப் 5: கரண்ட் குடுக்கிறது

டூல் மைனஸ். வேண்டாத இரும்பு ப்ளஸ். மல்டிமீட்டர்ல எது ப்ளஸ்னு ஒரு தடவை பாத்துட்டு மாட்டுங்க, வயர் கலரை மட்டும் நம்ப வேண்டாம். எல்லா கிளிப்பும் மாட்டின பிறகு கடைசியாதான் சுவர் ஸ்விட்சை போடணும்.

அந்த ஹெட்லைட் பல்பு இங்கதான் வருது. சப்ளையோட ப்ளஸ் வயருக்கும் இரும்புத் துண்டுக்கும் நடுவுல அந்த 55 வாட் பல்பை சீரீஸ்ல, அதாவது கரண்ட் பல்பு வழியாத்தான் போற மாதிரி, மாட்டினா, உள்ள என்ன ஆனாலும் நாலரை ஆம்பியர் சுத்துக்கு மேல கரண்ட் போகாது. டூலும் ப்ளஸ்ஸும் தெரியாம தொட்டுக்கிட்டா பல்பு பளிச்சுன்னு முழு வெளிச்சத்துல எரியும், சப்ளைக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்கும் உடனே தெரிஞ்சிடும். லேசா செவப்பா எரிஞ்சா சரியா ஓடுதுன்னு அர்த்தம். அறவே எரியலன்னா கரண்ட் ரொம்ப கம்மியா போகுது, இல்ல எங்கயோ கனெக்‌ஷன் விட்டிருக்கு, மல்டிமீட்டரை வச்சு பாத்துக்கங்க. பல்பு கண்ணாடி நல்லா சுடும், பிளாஸ்டிக் மேல படாம வைங்க.

ரெண்டு நிமிஷத்துல டூல் மேல பொடிக் குமிழ் வரிசையா கிளம்பணும். டூல் பக்கம்தான் குமிழ் அதிகமா இருக்கணும். ப்ளஸ் இரும்புல நிறைய குமிழும் டூல்ல கம்மியாவும் தெரிஞ்சா உடனே ஆஃப் பண்ணி வயரை சரி பாருங்க, மாறியிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு சாதா ஸ்பேனருக்கு ரெண்டுல இருந்து நாலு ஆம்பியர் தாராளம். தண்ணி சூடாகுதுன்னா கரண்ட் அதிகம், ப்ளஸ் இரும்பை கொஞ்சம் தள்ளி வைங்க.

கொஞ்ச நேரத்துல மேல செம்பழுப்பு நுரை கட்டும், பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கணும். கரண்ட் ஓடும்போது கையை உள்ள விடாதீங்க, கிளிப்பை பிடுங்காதீங்க, தீப்பொறி விழுந்தா மேல நுரையில இருக்கிற ஹைட்ரஜன் படார்னு வெடிக்கும். எதைத் தொடணும்னாலும் முதல்ல சுவர் ஸ்விட்ச் ஆஃப், அப்புறம்தான் கை.

எவ்வளவு நேரம்னு கேட்டா மேலோட்டமான துருவுக்கு நாலஞ்சு மணி நேரம், தடிச்ச துருவுக்கு ஒரு ராத்திரி. நடுவுல ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ப்ளஸ் இரும்பை எடுத்துச் சுரண்டி விடுங்க, அது மேல பொருக்கு கட்டினா கரண்ட் இறங்கிடும். கரண்ட் கட் ஆனாலும் கவலையில்ல, காரத்தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் இரும்பு சட்டுன்னு துருப்பிடிக்காது. 12 வோல்ட்ல 5 ஆம்பியர்னா 60 வாட்தான், 10 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் கூட ஆகாது.

பெயிண்ட் எடுக்கணும்னா

முறை இதேதான், ஆனா பெயிண்ட் முழுசா மூடியிருந்தா கரண்ட் எங்கயும் நுழைய வழியில்ல. அதனால ஒரு கூர்மையான ஆணியை வச்சு பெயிண்ட் மேல குறுக்கும் நெடுக்குமா கோடு கிழிங்க, இரும்பு தெரியற அளவுக்கு, எழுத்து இருக்கிற இடத்தை விட்டுட்டு. அந்தக் கோட்டுல இருந்து குமிழ் கிளம்பி ஓரத்துல இருந்து பெயிண்டை தூக்க ஆரம்பிக்கும். பழைய எனாமல் பட்டையா உரிஞ்சு வரும், ஒரு நாள் ஒண்ணரை நாள் ஆகலாம். வைஸ் மாதிரி வார்ப்புகள்ல பெயிண்டுக்கு அடியில கம்பெனிலயே போட்ட பட்டி இருக்கும், அதுவும் சேர்ந்து விழும், இரும்பு விழுதுன்னு பயந்துடாதீங்க. பவுடர் கோட்டிங்கும் எபாக்ஸி பெயிண்டும் லேசுல அசையாது.

ஸ்டான்லி மாதிரி பழைய இழைப்புளி உடம்புல இருக்கிற அந்தக் கருப்புப் பூச்சு, ஜப்பானிங்னு சொல்லுவாங்க, தார் வகையில செஞ்சது, அதுவும் இதுல உரிஞ்சிடும். அது பாதிக்கு மேல நல்லா இருந்துச்சுன்னா உடம்பை பக்கெட்டுல போடாதீங்க, பிளேடையும் ஸ்க்ரூவையும் மட்டும் போடுங்க, உடம்பை மண்ணெண்ணெயும் ஸ்காட்ச் பிரைட்டும் வச்சு கையால சுத்தம் பண்ணுங்க. ஒரிஜினல் பூச்சு ஒரு தடவை போனா போனதுதான்.

பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்னே வச்சுக்கங்க. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்டுகள்ல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குங்கிற உச்சவரம்பு சட்டமா வந்ததே 2016ல. கிரைண்டர்ல தேய்ச்சா அந்த ஈயம் தூசியா மூச்சுல போகும், இங்க தண்ணிக்குள்ளயே நின்னுடுது, இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பெயிண்டுக்கும் இந்த முறையைத்தான் சொல்லுவேன். ஆனா உரிஞ்ச பட்டையை வெறுங்கையில எடுக்காதீங்க, காய விட்டு சுரண்டாதீங்க, ஈரமா இருக்கும்போதே வேலையை முடிங்க.

வெளிய எடுத்த பிறகு

ஆஃப் பண்ணிட்டு எடுத்தா டூல் பளபளன்னு இருக்காது, கருப்பா கரி பூசின மாதிரி இருக்கும். அந்தக் கருப்பை ஓடற தண்ணியில ஸ்காட்ச் பிரைட் வச்சு தேய்ங்க, எழுத்துக்குள்ளயும் பல்லுக்குள்ளயும் பித்தளை பிரஷ் போடுங்க, இரும்புக் கம்பி பிரஷ் கீறல் போடும். துரு இன்னும் மிச்சம் இருந்தா திரும்ப உள்ள தொங்க விடுங்க, எத்தனை தடவை விட்டாலும் இரும்பு குறையாது.

அடுத்த அஞ்சு நிமிஷம் ரொம்ப வேகமா போகணும். இப்ப இரும்பு மேல எந்த மூடியும் இல்ல, சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் காத்து ஊர்ல நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே மஞ்சளா ஒரு துரு படரும். கொதிக்கிற தண்ணியை மேல ஊத்துங்க, இரும்பு சூடாகி தானே காஞ்சிடும், உடனே துணியால துடைச்சு வெயில்லயோ ஹேர் டிரையர் காத்துலயோ ஓட்டை, மரை எல்லாம் நல்லா காய வைங்க. அப்புறம் சூடு குறையறதுக்குள்ள தையல் மெஷின் எண்ணெய் தடவுங்க. தேங்காய் எண்ணெய் நாள் ஆக ஆக பிசுக்காகும், வேண்டாம்.

பெயிண்ட் அடிக்கப் போறீங்கன்னா எண்ணெய் தடவக் கூடாது, சோடா போற வரைக்கும் ரெண்டு மூணு தண்ணி மாத்தி கழுவி, காய வச்சு, தின்னர் துணியால துடைச்சு, அன்னைக்கே பிரைமர் அடிச்சிடணும். சோடா மிச்சம் இருந்தா புது பெயிண்ட் கொப்பளிக்கும். வைஸுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சு மேல எனாமல் போட்டா போதும். தாடை, ஸ்க்ரூ, பின்பக்கம் அடிச்சுத் தட்டற மேடை இதுக்கெல்லாம் பெயிண்ட் வேண்டாம், கிரீஸும் எண்ணெயும்தான்.

எதை இதுல போடக் கூடாது

ஸ்ப்ரிங், ரொம்ப கடினமா பதம் வச்ச இரும்பு இதெல்லாம் ஹைட்ரஜனை உள்ள இழுத்து நொறுங்கற தன்மைக்கு வரலாம். பட்டறைங்கள்ல இதுக்கு 190, 200 டிகிரில சில மணி நேரம் சுட வச்சு அந்த ஹைட்ரஜனை வெளியேத்துவாங்க. வீட்டுல அதுக்கு வசதி இல்லன்னா ஸ்ப்ரிங்கை போடாதீங்க, உளி, இழைப்புளி பிளேடை போட்டா நேரத்தைக் குறைச்சு, எடுத்த பிறகு ஒரு நாள் சும்மா விட்டு அப்புறம் வேலைக்கு எடுங்க. அரமும் கடினமா பதம் வச்சதுதான், உளிக்குச் சொன்ன அதே ஜாக்கிரதை அதுக்கும் வேணும், ஆனா இதுல அருமையா வரும், பல் மழுங்காம இடுக்குல இருக்கிற துரு மட்டும் போறதால. குரோம், நிக்கல் முலாம் போட்ட ஸ்பேனர், பிளையர் வேண்டாம், முலாம் ஏற்கனவே தூக்கியிருக்கிற இடத்துல இன்னும் உரியும். பேரிங் இருக்கிற எதையும் பேரிங்கை கழட்டாம போடாதீங்க.

அழுக்குத் தண்ணியை என்ன பண்றது

தூக்கி ஊத்த அவசரம் இல்ல, இந்தத் தண்ணி கெட்டுப் போகாது, கரண்ட்ல குறையறது தண்ணி மட்டும்தான், சோடா அப்படியே இருக்கும். ஒரு நாள் தெளிய விட்டு மேல் தண்ணியை வேற வாளிக்கு மாத்தி, பேர் எழுதி மூடி வச்சு அடுத்த டூலுக்கு எடுத்துக்கங்க, குறைஞ்ச அளவுக்கு வெறும் தண்ணி ஊத்தினா போதும். பெயிண்ட் இல்லாத துரு மட்டும் எடுத்த தண்ணின்னா ஒரு கட்டத்துல நிறைய தண்ணி கலந்து சாக்கடையில விடலாம், செடி கொடி பக்கம் ஊத்தாதீங்க, காரம் வேரைக் கெடுக்கும். பெயிண்ட் உரிச்ச தண்ணின்னா கதை வேற, ஈயம் அந்த சகதியிலயும் இருக்கும் தண்ணியிலயும் கொஞ்சம் இருக்கும், அதனால அந்தத் தண்ணியை தனி வாளியில வச்சு பெயிண்ட் வேலைக்கு மட்டும் திரும்பத் திரும்ப பயன்படுத்துங்க, அடியில நின்ன சகதியையும் பெயிண்ட் பட்டையையும் பழைய துணியில வடிகட்டி, அந்தத் துணியோட சேர்த்து பிளாஸ்டிக் கவர்ல கட்டி, வீட்டு அபாயக் குப்பைன்னு தனியா சொல்லிக் குடுங்க. கிணத்துப் பக்கமும் போர் பக்கமும் அது போகவே கூடாது.